பெரியவர் நிற்க வேண்டிய இடத்தில்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



2021ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டத்திலிருந்து ஒரு காணொளி கிளம்பி நாடெங்கும் சுற்றியது. சிறுவன் ஒருவன் மின்ஆட்டோ ஓட்டுகிறான். மாற்றுத்திறனாளிகளான பெற்றோர் அதே வண்டியில் இருக்கிறார்கள். விற்க வேண்டிய சரக்கும் இருக்கிறது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று புகழ்ந்தார்கள், உதவிகளும் வந்தன. அந்தப் பிள்ளையின் பெயரும் ஊரும் இந்த அவைக்கு வேண்டியதில்லை. காணொளி எழுப்பிய கேள்விதான் வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடம் எப்படிக் காலியானது?

இவ்வுரைக்கு மையமான கருத்து ஒன்றே. குடும்பத்துக்காகத் தெருவில் உழைக்கும் குழந்தை, வருமானம் நின்றுபோன ஒரு பெரியவரின் இடத்தில் நிற்கிறது. சட்டம் குழந்தையைப் பார்க்கிறது, காவல்துறை குழந்தையைப் பார்க்கிறது, அதைத் தெருவிலிருந்து அகற்றிவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கெழுதுகிறோம். பெரியவரின் வருமானம் மீளாதவரை அந்தக் குழந்தை மறுபடியும் அதே முனைக்கு வந்துதான் தீரும்.

களம் திருப்பதியும் சித்தூரும். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் வரை இரண்டும் ஒரே மாவட்டம். 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்த மண். தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் அங்கே ஏராளம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருமலை அடிவாரத்து அலிபிரியில் இறங்கும் கூட்டத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இது அடுத்த மாநிலத்தின் கதையாகாது.

1. தெருவில் இருப்பவர்கள் யார்

தெருக்குழந்தை என்றதும் யாருமற்ற பிள்ளை என்ற சித்திரம் மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை இவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. தன்னந்தனியாகத் தெருவில் வாழ்பவர்கள், பகலில் தெருவில் இருந்துவிட்டு இரவில் அருகிலுள்ள குடிசைப்பகுதிக்குத் திரும்புபவர்கள், குடும்பத்தோடு தெருவிலேயே குடியிருப்பவர்கள். முதல் வகையினர் திருப்பதி, ரேணிகுண்டா போன்ற ரயில் சந்திப்புகளில் வந்திறங்குவது உண்மை. அவர்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடுகள் வேறு. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இன்றைய பேச்சு மற்ற இரு வகையினரைப் பற்றியது. இவர்களுக்கு அம்மா இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், சிலருக்கு அப்பாவும் இருக்கிறார். அன்று கையில் சேரும் காசு அன்று இரவே அரிசியாகிறது.

எத்தனை பேர்? ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்த குழந்தைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கில் 13.63 லட்சம், 2011இல் 4.05 லட்சம். பெரிய இறக்கம்தான், மகிழ வேண்டியதுதான். ஆனால் வீடு வீடாகச் சென்று ‘பிள்ளை வேலைக்குப் போகிறதா?’ என்று பெற்றோரிடம் கேட்டு எடுக்கும் கணக்கில், மாலையில் கோயில் வாசலில் பூக்கூடை தூக்கும் பிள்ளை எந்தக் கட்டத்திலும் விழாது. அம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை என்பார்கள். அதைப் பொய் என்று சொல்லவும் முடியாது.

2. திருப்பதி ஏன்

2011 கணக்குப்படி திருப்பதி மாநகராட்சியின் மக்கள்தொகை 2.87 லட்சம். ஏழுமலையானைத் தரிசிக்க ஆண்டொன்றுக்கு வருபவர்களோ இரண்டு கோடிக்கு மேல். ஊரைவிடப் பல மடங்கு பெரிய விருந்தாளிக் கூட்டம் நாள் தவறாமல் வந்து போகும்போது, பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் விற்கக்கூடிய எதற்கும் அங்கே ஆள் உண்டு. தண்ணீர் பாட்டில், துளசி மாலை, சாமி படம், பலூன், குழந்தைகளுக்கான விசில், வேர்க்கடலைப் பொட்டலம். முதலே இல்லாத தொழிலும் ஒன்று உண்டு. குழைத்த நாமக்கட்டி ஒரு சின்னக் கிண்ணத்தில், நாமம் பதிக்கும் கம்பி ஒன்று கையில். மொட்டையடித்துச் சந்தனம் பூசி வருகிறவரின் நெற்றியில் நாமம் இட்டுவிட்டுக் கை நீட்டினால் சில்லறை விழும்.

இந்த வேலைகளில் குழந்தைக்கு ஒரு கொடுமையான சாதகம் இருக்கிறது. ஒரே பொருளைப் பெரியவரிடம் பேரம் பேசி வாங்கும் பக்தர், பிள்ளையிடம் பேரம் பேசுவதில்லை. மீதிச் சில்லறையை வைத்துக்கொள் என்றும் சொல்வார். சாமி கும்பிட்ட மனசு இளகித்தான் இருக்கும். ஆக, வீட்டில் யாரை அனுப்பினால் அதிகம் வரும் என்ற கணக்கில் பிள்ளை ஜெயித்துவிடுகிறது. பக்தரின் இரக்கமே பிள்ளையின் கூலியை நிர்ணயிக்கிறது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தை இயங்கும் முறை இது.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். திருமலையில் கூட்டம் அலைமோதும் காலம் கோடை விடுமுறை. பிள்ளைக்கும் அப்போது பள்ளி இல்லை. சித்தூர்ப் பக்கம் அதே சமயத்தில் மாம்பழ அறுவடை. கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும், கையாள் தேவைப்படும். பிறகு தசரா விடுமுறையோடு ஒட்டிப் பிரம்மோற்சவம், ஆண்டு முடிவில் வைகுண்ட ஏகாதசி. பள்ளி மூடும்போதெல்லாம் தெரு திறக்கிறது. லீவில் மட்டும் போகட்டும் என்று தொடங்கியதை ஜூன் மாதத்தில் நிறுத்துவது, அந்த வருமானத்துக்குப் பழகிவிட்ட வீட்டுக்கு எளிதாக இருக்காது. ஆந்திரத்தில் பள்ளிகள் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான உலக நாளும் அதுவே. அன்றைக்கு வகுப்புக்கு வராத பிள்ளையைத் தேடித் தலைமையாசிரியர் ஒரு நடை தெருவுக்கு வந்தாலே பாதிப் பெயர்கள் கிடைத்துவிடும்.

3. முதலாளி இல்லாத குற்றம்

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று சட்டம் இப்போது சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விதிவிலக்கையும் அதே திருத்தம் கொண்டுவந்தது.

தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவும் சிறுவனுக்கு முதலாளி இருக்கிறார், வழக்குப் போடலாம். அம்மாவின் பூக்கூடையைத் தூக்கிச் செல்லும் சிறுமிக்கு முதலாளி யார்? அம்மாவே. அது குடும்பத் தொழில். மாலை ஐந்து மணிக்கு என்றால் விதிவிலக்கு காக்கும், காலை பத்து மணிக்கு என்றால் குற்றம். முதல் தடவையானால் பெற்றோரைத் தண்டிப்பதில்லை என்று 2016 திருத்தமே சொல்கிறது. அடுத்த தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். வருமானம் இல்லாததால் பிள்ளையை அனுப்பிய வீட்டிடம் அபராதம் கேட்டால் அதையும் பிள்ளைதான் சம்பாதித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. வியாபாரச் சான்றிதழ் பெறத் தகுதியான வயதாக அது 14ஐ வைக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்துக்கோ 18 வயது வரை எல்லோரும் குழந்தைகள். ஒன்பதாம் வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளையை ஒரு சட்டம் வியாபாரி என்கிறது, இன்னொரு சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது.

இனி மீட்பு. ‘ஆபரேஷன் முஸ்கான்’ என்ற பெயரில் ஆந்திரக் காவல்துறை பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் தேடுதல் நடத்துகிறது. கண்டெடுத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோர் வரவழைக்கப்படுகிறார்கள், அறிவுரை சொல்லப்படுகிறது, எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை அனுப்புகிறார்கள். காவலர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது முறையாகாது. கடத்தப்பட்ட, தொலைந்துபோன எத்தனையோ பிள்ளைகள் இத்தகைய தேடல்களில் வீடு சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் வீடே அனுப்பிவைத்த பிள்ளையை வீட்டிடமே திருப்பிக் கொடுத்தால் மறுநாள் என்ன மாறியிருக்கும்? அந்த வீட்டில் பெரியவரின் நோய் அப்படியே இருக்கிறது. வட்டிக்கு வாங்கிய கடனும் அப்படியே இருக்கிறது.

4. சிவகாசி சொல்லிக்கொடுத்தது

இந்தக் கேள்விக்கு இந்தியாவின் உச்ச நீதிமன்றம் ஒரு விடை சொல்லிவிட்டது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்த குழந்தைகள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், நீதிபதிகள் குல்தீப் சிங், ஹன்சாரியா, மஜ்முதார் ஆகியோர் அளித்த தீர்ப்பு அது. குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. இந்தப் பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அடுத்த பகுதிதான் மறந்துபோனது. பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் அதற்கு ஈடாக அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காகக் குழந்தை ஒன்றுக்கு 5,000 ரூபாய் அந்த நிதியில் சேர்க்க வேண்டும், மொத்தம் 25,000 ரூபாயின் வட்டி பிள்ளை படிக்கும்வரை குடும்பத்துக்குச் சேர வேண்டும். வறுமையை வைத்துக்கொண்டு தடையை மட்டும் போட்டால் அது நிற்காது என்பதை நீதிபதிகள் தெளிவாகக் கண்டிருந்தார்கள். பிள்ளையையும் அதன் பின்னால் நிற்கும் பெரியவரையும் ஒரே உத்தரவில் சேர்த்துப் பார்த்தது அந்தத் தீர்ப்பின் பெருமை.

அதன் குறையும் தெரிந்ததே. 5,000 ரூபாய் கொடுத்தால் வேலை தர வேண்டியதில்லை என்ற வழி திறந்திருந்தது. 25,000 ரூபாயின் வட்டி ஒரு பிள்ளையின் தினக் கூலிக்கு ஈடாகாது. இன்னொன்று, முழு ஏற்பாடும் ஒரு முதலாளி இருப்பதை நம்பி எழுதப்பட்டது. திருப்பதித் தெருவில் 20,000 ரூபாய் கட்ட யாரும் இல்லை. அப்படியானால் அந்தக் கடமை முழுவதும் அரசின் பக்கம் வருகிறது என்பதே இவ்வுரையின் வாதம். முதலாளி இல்லாத குழந்தைக்கு யாரும் பொறுப்பில்லை என்று விட முடியாது.

5. அம்மாவின் கணக்கில் விழும் பணம்

பெரியவரின் கையில் பணம் சேர்த்தால் பிள்ளை பள்ளிக்குப் போகும் என்ற சிந்தனை சித்தூரிலேயே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2020 ஜனவரி 9 அன்று அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி ‘அம்மா ஒடி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தது சித்தூர் நகரில்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். பிற்பாடு பள்ளிப் பராமரிப்புக்கென்று 2,000 பிடித்துக்கொண்டு 13,000 கொடுத்தார்கள்.

அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒரு தாய்க்கு ஒரு தொகை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றைப் பள்ளியில் காட்டினால் போதும், மற்ற இரண்டின் படிப்புக்கு அதில் ஒன்றுமில்லை. 2025 ஜூன் 12 அன்று சந்திரபாபு நாயுடு அரசு கொண்டுவந்த ‘தல்லிகி வந்தனம்’ அதை மாற்றி, படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொகை என்று ஆக்கியது. கட்சி அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது சரியான திருத்தம். தெருவுக்கு வருவது பெரும்பாலும் மூத்த பிள்ளை, தம்பி தங்கை படிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த பிள்ளை.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13,000 ரூபாயை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குச் சுமார் 36 ரூபாய். கூட்டமான ஒரு மாலையில் பலூன் விற்கும் பிள்ளை அதைவிட அதிகம் கொண்டுவந்துவிடும். தொகை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது, வந்த கையோடு கடனுக்குப் போகிறது, வீட்டு அடுப்போ தினமும் எரிய வேண்டும். அரிசி அட்டை இல்லாத வீட்டுக்கு அதுவும் கிடையாது. எல்லை தாண்டி வேலூர்ப் பக்கமிருந்தும் திருவள்ளூர்ப் பக்கமிருந்தும் போய்த் திருப்பதியில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஆந்திர அட்டை கைக்கு வரும்வரை இரு மாநிலத்திலும் இடமில்லை.

மாதாந்திர ஓய்வூதியத்தை இதோடு ஒப்பிட வேண்டும். ஆந்திரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியம் 3,000 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் அன்று அது 6,000 ரூபாயாக வீடு தேடி வந்தது. முழுதும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு 15,000. இதை எந்த அரசு ஆவணமும் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் என்று குறிப்பிடுவதில்லை. மின்ஆட்டோ ஓட்டிய அந்தச் சிறுவனின் வீட்டைப் போன்ற வீடுகளில், இருக்கும் திட்டங்களிலேயே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக்கூடிய வலிமை இதற்குத்தான் அதிகம். தொகை மாதந்தோறும் வருகிறது, பெரியவரின் பெயரில் வருகிறது, பிள்ளை நிரப்பிய இடத்துக்கே நேராகப் போய்ச் சேர்கிறது.

     

6. சாந்தா சின்ஹா எழுப்பும் மறுப்பு

இவ்வுரையின் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை எழுப்பியவர் திருப்பதிக்கு அடுத்த நெல்லூரில் பிறந்த சாந்தா சின்ஹா. எம். வெங்கடரங்கையா அறக்கட்டளை வழியாக 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வேலையிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்தவர். 2003இல் மகசேசே விருது பெற்றவர். 2007இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவர் ஆனவர். பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது அவருடைய நிலை. வறுமை ஒழியட்டும், பிறகு படிக்கட்டும் என்பது சாக்கு. ஏழைப் பெற்றோர் பிள்ளையைப் படிக்கவைக்கவே விரும்புகிறார்கள், பள்ளியின் கதவுதான் அவர்களுக்குத் திறப்பதில்லை. மைரன் வைனர் என்ற அமெரிக்க அறிஞரும் 1991இல் எழுதிய நூலில், இந்தியாவைவிட ஏழையாக இருந்தபோதே பல நாடுகள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்ததை எடுத்துக்காட்டினார்.

இந்த மறுப்பில் பெரும்பகுதி ஏற்க வேண்டியது. பெரியவரின் வருமானம் சரியாகும்வரை பிள்ளை காத்திருக்கட்டும் என்று இவ்வுரை சொன்னதாகக் கொள்ள வேண்டாம். பிள்ளைப் பருவம் காத்திருக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. அதை அன்றே செய்ய வேண்டும்.

ஆனால் ரங்காரெட்டிக் கிராமங்களில் ஊர் என்ற ஒன்று இருந்தது. பிள்ளை வேலைக்குப் போனால் தட்டிக்கேட்க இளைஞர்கள் இருந்தார்கள், ஊராட்சி இருந்தது, ஆசிரியர் இருந்தார். திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்து நடைபாதையில் படுத்துறங்கும் குடும்பத்துக்கு அந்த ஊர் இல்லை. அங்கே ஊரின் வேலையை மாநகராட்சியும் தேவஸ்தானமும்தான் செய்தாக வேண்டும்.

7. யார், என்ன செய்யலாம்

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 வரவுசெலவுத் திட்டம் 5,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அநாதைப் பிள்ளைகளுக்காக ஸ்ரீ வேங்கடேஸ்வர பாலமந்திரத்தை அது நெடுங்காலமாக நடத்துகிறது. நல்ல பணி. ஆனால் தாய் உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து பிரிக்காத உதவி வேண்டும். மலையில் கடை வைக்கத் தேவஸ்தானத்தின் உரிமம் வேண்டும். துப்புரவிலிருந்து அன்னதானக் கூடம் வரை ஒப்பந்த வேலைகளும் ஏராளம். தெருவில் கண்டெடுக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கோ தந்தைக்கோ அவற்றில் முன்னுரிமை என்று ஒரு தீர்மானம் போட்டால், 1996 தீர்ப்பில் எழுதிவைத்தது ஏழுமலையான் சந்நிதியில் நடைமுறைக்கு வரும்.

மாநகராட்சியின் தெருவியாபாரக் குழு, வியாபாரச் சான்றிதழைப் பெரியவரின் பெயரில் கொடுக்கட்டும். சான்றிதழ் கையில் இருந்தால் தெருவியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதிக் கடனுக்கு வழி திறக்கும். வயது வரம்பை 14இலிருந்து உயர்த்த மாநில அரசுக்குச் சட்டமே இடம் தருகிறது. 18 என்று விதி எழுதத் தடை ஒன்றுமில்லை.

யாத்திரை போகும் நாம் என்ன செய்வது என்று கூட்டம் தொடங்குமுன் ஒரு மாணவி கேட்டார். பிள்ளையிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் அன்று இரவு அந்த வீட்டுச் சோறு குறையும், வாங்கினால் நாளைக்கும் பிள்ளையே வரும். நேர்மையான பதில், அம்மா எங்கே என்று கேட்டு அவரிடம் போய் வாங்குவது. பள்ளி நேரமாக இருந்தால், பிள்ளை தனியாக இருந்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது.

கடைசியாக, குழந்தைகள் நலக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். குழு முன் நிறுத்தப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும் என்று சட்டம் ஏற்கனவே சொல்கிறது. ஆணையத்தின் ‘பால் ஸ்வராஜ்’ இணையதளத்தில் குடும்பத்தை அரசுத் திட்டங்களோடு இணைக்கும் கட்டமும் இருக்கிறது. அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் பிள்ளையைப் பற்றி எழுதுமுன் நான்கு விவரங்களை நிரப்பட்டும். இந்த வீட்டில் சம்பாதிக்க வேண்டிய பெரியவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று? அரிசி அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தினுடையது? ஊனம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், ஊனத்தின் அளவைச் சான்றளிக்கும் சதரம் சான்றிதழ் வாங்கியாயிற்றா? விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து முதல் ஓய்வூதியம் வரும் நாள் வரை இந்த வீடு எதைச் சாப்பிடும்? நான்காவதற்கு இன்றைக்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. மாவட்ட ஆட்சியரின் கையில் அதற்கென்று ஒரு சிறு நிதி இருக்க வேண்டும், அறிக்கை கைக்கு வந்த அன்றே அதிலிருந்து பணம் கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். சித்தூர், திருப்பதி ஆட்சியர்கள் இருவருக்கும் இக்கோரிக்கையை எழுத்தில் அனுப்ப இந்த அவை முன்வந்தால், அடுத்த தேடுதலுக்கு முன்பே அது அவர்கள் மேசையில் இருக்கும்.